‘குழந்தைகள் பார்க்கும் நேரம்’ எது? தொலைக்காட்சி விதிகள் பற்றி ஓர் இழை

கேள்வி | 07-06-2025, இரவு 9.52

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் மாலை ஏழு மணிக்குப் பாட்டியோடு உட்கார்ந்து சீரியல் பார்க்கிறாள். நேற்று விளம்பர இடைவேளையில் ஒரு திரைப்பட முன்னோட்டம் வந்தது. ஒருவன் இன்னொருவனின் கழுத்தில் அரிவாளை வைக்கிறான், இரத்தம் கேமராவின் மேல் தெறிக்கிறது. ரிமோட்டை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. இதைத் தடுக்க நம் நாட்டில் சட்டமே இல்லை என்பது என் முடிவு. இருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று சொல்லுங்கள்.

பதில் (ஒரு வழக்கறிஞர்) | 08-06-2025, காலை 6.30

சட்டம் இருக்கிறது. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1995. அதன் 5-ஆம் பிரிவு நிகழ்ச்சி நெறிமுறையையும் 6-ஆம் பிரிவு விளம்பர நெறிமுறையையும் கட்டாயமாக்குகின்றன. நெறிமுறைகளின் வாசகம் 1994-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. முதலில் வந்தது அவசரச் சட்டம் என்பதால் விதிகள் சட்டத்தைவிட ஒரு வயது மூத்தவை.

அந்த விதிகளில் 6-ஆவது விதியின் ஐந்தாம் உட்பிரிவைப் படியுங்கள். குழந்தைகளுக்கு ஏற்காத நிகழ்ச்சிகளை, மிக அதிகமான குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரங்களில் ஒளிபரப்பக் கூடாது என்று அது சொல்கிறது. நான்காம் உட்பிரிவு, குழந்தைகளுக்கென்றே தயாரிக்கப்படும் நிகழ்ச்சிகளில் கெட்ட வார்த்தைகளும் வெளிப்படையான வன்முறைக் காட்சிகளும் இருக்கக் கூடாது என்கிறது. 7-ஆவது விதி, குழந்தைகளின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிக்கும் விளம்பரங்களையும், அவர்களைப் பிச்சை எடுப்பவர்களாகவோ கண்ணியக் குறைவாகவோ காட்டும் விளம்பரங்களையும் தடுக்கிறது.

இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவும், குழந்தையின் நலனுக்குக் கேடு விளைவிக்கும் ஊடக உள்ளடக்கத்திலிருந்து காக்க வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஆகவே சட்டம் இல்லை என்ற புகார் நிற்காது. என் புகார் வேறு. அந்த ஐந்தாம் உட்பிரிவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது; இரவு எழுதுகிறேன்.

08-06-2025, காலை 6.48

‘கேபிள் சட்டம்தானே, எங்கள் வீட்டில் டிஷ்’ என்று எழுதியிருப்பவருக்கு: செயற்கைக்கோள் சேனல்களுக்கு அனுமதி தரும்போதே இதே நிகழ்ச்சி நெறிமுறையையும் விளம்பர நெறிமுறையையும் கடைப்பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் மத்திய அரசு தருகிறது. வீட்டுக்கு எந்த வழியாகப் படம் வந்தாலும் நெறிமுறை ஒன்றுதான்.

08-06-2025, இரவு 10.15

ஓட்டை இதுதான். மிக அதிகமான குழந்தைகள் பார்க்கும் நேரம் எது என்று விதி சொல்லவில்லை. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று ஓர் எண்கூட அதில் கிடையாது. முப்பது ஆண்டுகளாக அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

காலியிடத்தை ஒளிபரப்பாளர்களே நிரப்பிக்கொண்டார்கள். அவர்களுடைய சுயக்கட்டுப்பாட்டு நெறிகள் நிகழ்ச்சிகளைப் பொது, கட்டுப்படுத்தப்பட்டது என்று இரண்டாகப் பிரித்து, கட்டுப்படுத்தப்பட்டவற்றை இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒளிபரப்பலாம் என்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் இது நல்ல ஏற்பாடாகத் தெரியும். ஆனால் இதன் விளைவு என்ன? காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரையிலான பதினெட்டு மணி நேரமும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுவிட்டது. பள்ளி நடக்கும் முற்பகல் பதினோரு மணிக்கும், வீட்டில் எல்லாக் குழந்தைகளும் கூடத்தில் இருக்கும் இரவு எட்டு மணிக்கும் இடையே எந்த வேறுபாடும் இல்லை. எட்டு மணிக்குத் தனிக் கவனம் தேவை என்பதுதான் ஐந்தாம் உட்பிரிவின் உயிர். அந்த உயிர் போய்விட்டது.

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் ஒரே தொலைக்காட்சி, அதுவும் கூடத்தில். ஆறு மணி முதல் பத்து, பத்தரை வரை சீரியல் ஓடுகிறது. அதன் எதிரே உட்கார்ந்துதான் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள், அதன் எதிரேதான் சோற்றுத் தட்டும் வருகிறது. எனவே ‘பார்க்க விரும்பாதவர்கள் சேனலை மாற்றிக்கொள்ளலாம்’ என்ற பதில் குழந்தைக்குப் பொருந்தாது. ரிமோட் குழந்தையின் கையில் இல்லை.

பிரிட்டனில் இரவு 9 மணி என்று கோடு போட்டிருக்கிறார்கள். ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பின் நெறிகளிலேயே அந்த எண் இருக்கிறது. சேனல்காரருக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும், தவறினால் இத்தனை மணி இத்தனை நிமிடம் என்று சுட்டிக்காட்டிப் புகார் கொடுக்க முடியும். நம்மிடம் அந்த எண் இல்லாததால் புகார் கொடுப்பவர் முதலில், அந்த நேரத்தில் குழந்தைகள் அதிகம் பார்க்கிறார்கள் என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பார்வையாளர் கணக்கு முழுவதும் சேனலிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை.

09-06-2025, இரவு 9.05

‘முன்னோட்டம் நிகழ்ச்சி அல்ல, விளம்பரம், அதனால் நிகழ்ச்சி நெறிமுறை பொருந்தாது’ என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். அந்தத் திருத்தம் சரியல்ல. சட்டத்தின் 2-ஆவது பிரிவில் ‘நிகழ்ச்சி’ என்பதற்குத் தரப்பட்டுள்ள வரையறை, திரைப்படங்கள், நாடகங்கள், தொடர்களோடு விளம்பரங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே கேள்வி கேட்டவரின் மகள் பார்த்த அந்தச் சில வினாடி முன்னோட்டமும் சட்டத்தின் பார்வையில் நிகழ்ச்சிதான். இதைப் புகாரில் முதல் வரியிலேயே எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் உங்கள் புகார் விளம்பரப் பிரிவுக்கும் நிகழ்ச்சிப் பிரிவுக்கும் இடையில் பந்தாடப்படும்.

09-06-2025, இரவு 9.40

இன்னொன்று. ‘ஏ சான்றிதழ் படங்களை இரவு பதினொன்றுக்குப் பிறகு போடலாம்’ என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். போட முடியாது. 2005-இல் மும்பை உயர் நீதிமன்றம், ஒரு கல்லூரிப் பேராசிரியை தொடுத்த பொதுநல வழக்கில், வயது வந்தோருக்கான படங்களைக் கேபிளில் ஒளிபரப்பத் தடை விதித்தது. அடுத்த ஆண்டே விதியும் திருத்தப்பட்டது. தணிக்கை வாரியம் அனைவரும் பார்க்கலாம் என்று சான்றளித்த படமும் பாட்டும்தான் வரலாம். 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டத்தின்படி, ‘ஏ’ படத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர வேண்டுமானால் வெட்டிச் சீரமைத்துத் தனிச் சான்று பெற வேண்டும்.

அந்தப் பேராசிரியை ஒரு கட்சியோ அமைப்போ அல்ல, தனிமனுஷி. நாடு முழுவதற்குமான விதி ஒரு மனுவால் மாறியது என்பதை மனச்சோர்வு வரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

11-06-2025, இரவு 10.30

புகார் கொடுக்கும் வழியைப் பலர் கேட்டதால் எழுதுகிறேன். 2021 ஜூன் 17 அன்று அறிவிக்கப்பட்ட விதித் திருத்தத்தின்படி மூன்று படிகள். முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று ஒப்புகை தர வேண்டும், 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. அவர்களுக்கு 60 நாட்கள். பொழுதுபோக்குச் சேனல்களுக்கு அத்தகைய அமைப்பாக 2011-இல் ஏற்படுத்தப்பட்ட ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் மன்றம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் தலைமை நீதிபதியாக இருந்த ஏ.பி. ஷாதான் அதன் முதல் தலைவர். அதற்கும் மேலே மத்திய அரசின் குழு.

சென்ற கோடை விடுமுறையில் நானே இந்தப் படிகளில் ஏறினேன். ஒரு சேனல் (பெயர் வேண்டாம்) உண்மைக் குற்றச் சம்பவங்களை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியைப் பிற்பகலில் மறு ஒளிபரப்பு செய்துகொண்டிருந்தது. அடுப்படியில் இருந்து வந்து பார்க்கிறேன்: ஒரு பெண்ணை முந்தானையைப் பிடித்து இழுத்துப் போகிறார்கள், பின்னணியில் உடுக்கை அடிக்கிறது, ‘சித்திரிக்கப்பட்ட காட்சி’ என்று மூலையில் பொடி எழுத்து. அடுத்து உண்மையான குற்றவாளி வருகிறார், முகம் மங்கலாக்கப்பட்டிருக்கிறது. என் மகன் நிமிர்ந்து, “அம்மா, அந்த மாமா முகத்தை யாரும்மா எடுத்துட்டாங்க?” என்று கேட்டான். அவனைப் பயமுறுத்தியது வன்முறையைவிட அந்த முகமில்லாத மனிதர்தான். பல இரவுகள் விளக்கை அணைக்க விடவில்லை.

புகார் எழுதினேன். முதல் படிப் பதிலில், இந்நிகழ்ச்சி முதலில் பின்னிரவில் ஒளிபரப்பானது, எச்சரிக்கை அட்டையும் போடப்பட்டது என்று மட்டும் சொன்னார்கள். மறு ஒளிபரப்பின் நேரம் குறித்த கேள்விக்கு அதில் பதிலே இல்லை. மேல்முறையீடு செய்தேன். அதன் முடிவு வருவதற்கு முன்பே பிற்பகல் மறு ஒளிபரப்பு நின்றது. ஆனால் அதற்குள் பள்ளி திறந்துவிட்டது. பதினைந்தையும் அறுபதையும் கூட்டிப் பாருங்கள். கோடை விடுமுறையைவிட அது நீளம். குழந்தைக்குத் தீங்கு நேரும் காலமும் நிவாரணம் கிடைக்கும் காலமும் ஒன்றோடொன்று சந்திப்பதே இல்லை.

புகாரில் சேனல், நிகழ்ச்சி, தேதி, மணி நிமிடம், காட்சியின் விவரம் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் செல்பேசியில் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

12-06-2025, காலை 7.10

நேற்று எழுதியதைத் தொடர்ந்து யோசித்ததில் இன்னொன்று தோன்றுகிறது. மறு ஒளிபரப்பும் ஐந்தாம் உட்பிரிவிலேயே அடங்கிவிடுகிறது. ஒளிபரப்பாகும் நேரத்தைத்தான் அது பேசுகிறது, முதல் ஒளிபரப்பை அல்ல. ஆகவே ‘முதலில் பின்னிரவில் போட்டோம்’ என்பது சட்டப்படி பதிலே ஆகாது. இதே பதில் வந்தால் மேல்முறையீட்டில் இந்தக் காரணத்தை முன்வையுங்கள்.

14-06-2025, இரவு 9.20

திரைக்கு முன்னால் இருக்கும் குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், திரைக்குள் இருக்கும் குழந்தை என்ன ஆவது என்று ஒருவர் கேட்டது நியாயம்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. நிறுவன உரிமையாளரும் பொறுப்பு. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆவது பிரிவு, சட்டத்தோடு முரண்பட்ட (அதாவது, குற்றம் சாட்டப்பட்ட) குழந்தைக்கும் சாட்சிக் குழந்தைக்கும்கூட அதே காப்பை நீட்டுகிறது. குழந்தை இறந்துவிட்டாலும் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தும் செய்திகளில் என்ன பார்க்கிறோம்? முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சீருடையை அப்படியே காட்டுகிறார்கள். தெருமுனைக் கோவிலைக் காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒலிவாங்கியை நீட்டுகிறார்கள். ஊரில் யாருக்கு அந்தக் குழந்தையைத் தெரியாமல் போகும்?

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று, குடும்பச் சண்டையைப் பஞ்சாயத்து பேசும் நிகழ்ச்சிகள். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கொன்றில் தாய்க்காக ஆஜரானேன். என்னிடம் வருவதற்கு முன்பே கணவனும் மனைவியும் அப்படியொரு நிகழ்ச்சியில் உட்கார்ந்து, குழந்தைக்குத் தகப்பன் யார் என்பது வரை பேசிவிட்டிருந்தார்கள். அந்தத் துணுக்கு இணையத்தில் இருந்தது. வகுப்பில் ஒரு பையன் அதை எல்லோருக்கும் காட்டினான். அந்தச் சிறுமி பள்ளியை மாற்றிக்கொண்டாள். 74-ஆவது பிரிவின்படி நடவடிக்கை எடுக்கலாமா என்று புரட்டிப் பார்த்தேன். அப்பிரிவு விசாரணை, புலனாய்வு, நீதிமன்ற நடவடிக்கை பற்றிய செய்திகளைத்தான் பேசுகிறது. தொலைக்காட்சிப் பஞ்சாயத்து இந்த மூன்றில் எதுவும் அல்ல. நீதிமன்றத்தில் மூடிய அறைக்குள் பேச வேண்டியதைக் கேமரா முன் பேசினால் காப்பு இல்லாமல் போகிறது என்பது எந்த வகையில் சரி? பெற்றோர் சம்மதித்தார்கள் என்கிறார்கள். குழந்தையின் வாழ்க்கையைச் சம்மதமாக எழுதிக் கொடுக்கப் பெற்றோருக்கு உரிமை இல்லை என்பதே என் கருத்து.

14-06-2025, இரவு 9.45

பாட்டு, நடனப் போட்டிகளில் வரும் பிள்ளைகளுக்கு இதைவிட மேலான காப்பு உண்டு. குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-இல் சேர்க்கப்பட்டபடி, ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, மாவட்ட நடுவரின் (ஆட்சியரின்) அனுமதி வேண்டும், வருமானத்தில் 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் தேசியமயமான வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பிள்ளையைப் போட்டிக்கு அழைத்துப் போகும் பெற்றோர் அந்த வைப்புக் கணக்கின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

17-06-2025, இரவு 10.05

தண்டனை பற்றி. கேபிள் சட்டத்தின் 16-ஆவது பிரிவில் முதல் மீறலுக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. 2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் சிறையை நீக்கியது. அறிவுரை, எச்சரிக்கை, கண்டனம், முதல் மீறலுக்கு 20,000 ரூபாய் வரை, மூன்றாண்டுக்குள் மீண்டும் மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை என்று மாறியது.

சிறையை நீக்கியதை நான் எதிர்க்கவில்லை. அந்தப் பிரிவு தெருமுனைக் கேபிள்காரரைத்தான் மிரட்டியது, தலைநகரில் இருக்கும் சேனலை அல்ல. ஆனால் ஒரு முன்னணிச் சேனலுக்கு இருபதாயிரம் ரூபாய் ஒரு செலவா? குழந்தைகள் தொடர்பான மீறலுக்காவது, அந்த இடைவேளையில் ஈட்டிய விளம்பர வருமானத்தோடு அபராதத்தை இணைக்க வேண்டும்.

19-06-2025, இரவு 8.50

மாவட்டக் கண்காணிப்புக் குழு என்று ஒன்று இருப்பது தெரியுமா என்று கேட்டவருக்கு நன்றி. அது பலருக்கும் தெரியாது. ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர், செய்தி மக்கள் தொடர்பு அலுவலர், ஒரு மகளிர் கல்லூரி முதல்வர், குழந்தை நலத் தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மகளிர் நலத் தொண்டு நிறுவனப் பிரதிநிதி, உளவியலாளரோ கல்வியாளரோ ஒருவர். மத்திய அரசின் உத்தரவுப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டும். உள்ளூர்க் கேபிள்காரர் தானே நடத்தும் சேனல்களைக் கவனிக்க இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை; நள்ளிரவில் போட வேண்டிய குத்துப்பாட்டைக் கோவில் கொடை நேரலைக்கு நடுவில் போடுகிறவர்கள் அவர்கள்தான்.

எங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். கோப்பு தேடப்படுகிறது என்று பதில் வந்தது. உங்கள் மாவட்டத்திலும் கேளுங்கள். பத்து மாவட்டப் பதில்களைச் சேர்த்து வைத்தால் அதுவே ஒரு மனுவுக்கான ஆதாரம்.

22-06-2025, மாலை 5.30

பேச்சு செல்பேசிக்குத் திரும்பியிருக்கிறது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலியைத் தரவிறக்கத் தடை விதித்தபோது, அதில் எடுத்த காணொலிகளைத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பக் கூடாது என்றும் சேர்த்தே உத்தரவிட்டது. அம்மாத இறுதிக்குள் தடை நீங்கிவிட்டாலும், செல்பேசியில் பிறக்கும் கேடு சின்னத்திரை வழியாகக் கூடத்துக்கு வருகிறது என்பதை நீதிமன்றம் கண்டுகொண்டது முக்கியம்.

இணையத் தொடர்களுக்கு 2021 விதிகள் 7, 13, 16 என்று வயதுப் படிகள் வைத்து, 13-க்கு மேற்பட்டவற்றுக்குப் பூட்டும் கேட்கின்றன. திரைப்படச் சான்றிதழிலும் இப்போது அதே படிகள். தொலைக்காட்சித் தொடருக்கு மட்டும் வயதுப் படியும் கிடையாது, நேரக் கோடும் கிடையாது. மூன்றில் எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் வீட்டுக்குள் வருவது தொலைக்காட்சிதான்.

25-06-2025, இரவு 10.40

‘இது தணிக்கையில் போய் முடியும், அரசு தனக்குப் பிடிக்காத சேனலை மிரட்ட இதைப் பயன்படுத்தும்’ என்ற எதிர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். அரசமைப்பின் 19-ஆவது பிரிவு எனக்கும் பெரிது. அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அது அரசின் ஏகபோகமும் அல்ல என்று சேர்த்தே சொன்னது.

ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நேரம் குறிக்காத விதியில்தான் அதிகாரிக்கு விருப்பம்போல் விளையாட இடம் கிடைக்கிறது. 2010 நவம்பரில் இந்தி பிக் பாஸை இரவு 11 மணிக்குத் தள்ளும்படி தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் உத்தரவிட்டது. சேனல் மும்பை உயர் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றது. முன்கூட்டியே எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோடு இருந்திருந்தால், ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்துத் தள்ளும் நிலையே வந்திருக்காது. நேரக் கோடு எதையும் தடை செய்வதில்லை, வயது வந்தவர் பார்ப்பதை இரண்டு மணி நேரம் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். தெளிவான விதி குழந்தைக்கும் நல்லது, பேச்சுரிமைக்கும் நல்லது.

29-06-2025, இரவு 9.30

அமைச்சகத்துக்கும் தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அனுப்பவிருக்கும் மனுவின் வேண்டுகோள் பகுதி:

“6-ஆவது விதியின் ஐந்தாம் உட்பிரிவுக்குக் கீழே பின்வரும் விளக்கம் சேர்க்கப்பட வேண்டும்: மிக அதிகமான குழந்தைகள் பார்க்கும் நேரம் என்பது, பள்ளி நாட்களில் மாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரையிலும், விடுமுறை நாட்களிலும் கோடை விடுமுறையிலும் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரையிலும் உள்ள நேரமாகும். முன்னோட்டங்களுக்கும் விளம்பரங்களுக்கும் மறு ஒளிபரப்புகளுக்கும் இது பொருந்தும். இந்த நேரத்தில் நிகழ்ந்த மீறல் பற்றிய புகாரைச் சேனல் 3 நாட்களுக்குள் முடிக்க வேண்டும்.”

இரவு 9 மணி போதும், பிரிட்டனில் அப்படித்தான் என்கிறார் ஒருவர். போதாது. அங்கே ஆறரைக்கு இரவு உணவு. இங்கே பல வீடுகளில் அப்பா வேலையிலிருந்து திரும்புவதே எட்டரைக்கு, சாப்பாடு அதற்குப் பிறகுதான். கோடை விடுமுறையின் தேதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், அந்தந்த மாநிலப் பள்ளிக் கல்வித் துறை அறிவிக்கும் நாட்கள் என்று எழுதினால் நடைமுறையில் நிற்குமா, அல்லது ஏப்ரல் 15 முதல் ஜூன் 15 வரை என்று நாடு முழுவதற்கும் ஒரே தேதி கேட்கலாமா? சேனல்கள் மொழிவாரியாக இருப்பதால் முதலாவதுதான் சரி என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை பதிவுத் தபாலில் போகிறது.